இரவல் ஃப்ரிட்ஜ்

என் தங்கை கெசியா அறிவியல் பள்ளித் தேர்வில் தேறிய செய்தியை எங்கள் சந்துக்குச் சொன்னது ஒரு ஃப்ளெக்ஸ். சந்தின் வாயிலில் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே கட்டியிருந்தார்கள். அதில் வட்டத் தலைவரின் முகம் சோற்றுச் சட்டி அளவுக்கு இருந்தது. கெசியாவின் முகம் முட்டை அளவுக்கு. 'நம் வட்டத்தின் பெருமை' என்று மேலே எழுதியிருந்தது. இரண்டு பேரில் யார் பெருமை என்று எழுதவில்லை.

"எலெக்‌ஷன் வருதில்ல, தோதோ," என்றாள் மனாங் பெபெங். "உன் தங்கச்சி பாஸ் பண்ணலன்னா யாராவது செத்தவனுக்காவது கட்டியிருப்பாரு."

மனாங் பெபெங் எங்கள் பக்கத்து வீடு. மனாங் என்றால் அக்கா. சந்து முழுவதற்கும் அவள்தான் கடை. இருபத்து நான்கு வயதான என்னை இன்னும் தோதோ என்றுதான் கூப்பிடுவாள், சின்னப் பையனைக் கூப்பிடுவது போல. எங்கள் ஊரான பக்கோலோதில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்தப் பள்ளி அரசாங்கத்தினுடையது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் மூளை அதிகம் உள்ளவர்களைத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுத்து, கடலுக்கு அக்கரையில் விடுதியில் தங்கவைத்து ஆறு வருடம் சொல்லிக்கொடுப்பார்கள். படிப்புக்குக் கட்டணம் கிடையாது. விடுதிச் சாப்பாடு, கப்பல் டிக்கெட், சீருடை, மற்ற செலவெல்லாம் கைக்காசு. ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் அதற்கென்று மாதாமாதம் உதவித்தொகை உண்டு. யார் ஏழை என்று பார்க்க ஓர் அதிகாரி வீட்டுக்கே வருவார். அந்தத் தொகை கிடைத்தால் கெசியா போவாள். கிடைக்காவிட்டால் போகமாட்டாள். எங்கள் வீட்டில் அதற்கு நடுவழி ஏதும் இல்லை.

அப்பா சர்க்கரை மூட்டை சுமந்தவர். கிடங்கு வாசலிலேயே ஒருநாள் விழுந்து எழவில்லை. நான் பொறியியல் இரண்டாம் வருடத்தோடு கல்லூரியை விட்டேன். இப்போது ராத்திரி வேலை. அமெரிக்காவில் மெத்தை வாங்கி, அது பிடிக்காமல் போனவர்கள் போன் செய்தால் நான்தான் எடுப்பேன். முதுகு வலிக்கிறது என்பார்கள். நான் வருத்தம் தெரிவிப்பேன். விடிந்ததும் வீட்டுக்கு வந்து பாயில் படுப்பேன். அம்மா நாலைந்து பெரிய வீடுகளின் துணிகளை வாங்கிவந்து துவைத்து, தேய்த்துக் கொடுக்கிறாள்.

கெசியாவின் மூளை எப்படிப்பட்டது என்று கேட்டால் மனாங் பெபெங்கின் ஃப்ரிட்ஜைத்தான் சொல்லவேண்டும். சந்திலேயே அது ஒன்றுதான். அதில் ஐஸும் குச்சி ஐஸும் போட்டு விற்பாள். வெயில் காலத்தில் கரண்ட் போனால் எல்லாம் உருகி நாறும். கெசியாவுக்குப் பத்து வயது இருக்கும்போது, உப்புத் தண்ணீரைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி உறைபெட்டியின் ஓரமெல்லாம் அடுக்கச் சொன்னாள். வெறும் ஐஸை விட உப்பு ஐஸ் அதிகக் குளிரில் உருகும், அது உருகி முடிகிற வரை குச்சி ஐஸ் கல் மாதிரி இருக்கும் என்றாள். எவ்வளவு உப்பு என்பதையும் கரண்டியால் அளந்து, ஒவ்வொரு பையாகச் சோதித்துக் கண்டுபிடித்தாள். அந்த வருடம் கரண்ட் போன நாட்களில் நகரத்தின் இந்த மூலையில் குச்சி ஐஸ் விற்ற ஒரே கடை பெபெங்கினுடையது. அந்தப் பெட்டியின் பின்புறக் கம்பிகளில் எது சூடாகும், எது குளிரும் என்பது வரை அவளுக்குத் தெரியும். பள்ளி விட்டதும் நேராக அதன் முன்னால் போய் நிற்பாள்.

"உன் மாப்பிள்ளை அந்த ஃப்ரிட்ஜுதான்," என்று கிண்டல் செய்வேன்.

"உன்னைவிட அது அமைதியா இருக்கு, நோங்," என்பாள். நோங் என்றால் அண்ணன்.

அதிகாரி எதைப் பார்க்க வருகிறார் என்பதை அம்மாவிடம் நான் சொல்லியிருந்தேன். தலையாட்டினாள். பேச்சை நிறுத்த அம்மாவிடம் இருக்கும் வழி அது.

அதிகாரி வருகிற தேதியை உதவித்தொகை அலுவலகம் வட்டத் தலைவருக்குச் சொல்லியிருக்கிறது. அவர் முந்தின நாள் மாலை, நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு, அம்மாவிடம் வந்து சொல்லியிருக்கிறார். அன்று எனக்குக் கூடுதல் நேர வேலை. வீட்டுக்கு வரும்போது மதியம் தாண்டிவிட்டது. சந்து பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. எதிரே நான்கு பேர் ஒரு ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னால் இரண்டு பேர் சோபாவோடு. அவர்களுக்கும் பின்னால் ஒருவன் டிவியைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். முன்னால் மனாங் பெபெங் நடந்துகொண்டே கத்தினாள்.

"சாய்க்காதீங்கடா. சாய்ச்சா கேஸு கெட்டுரும். கெசியா சொல்லியிருக்கா."

"யாரு வீடு காலி பண்றா?" என்று கேட்டேன்.

"உன் வீடுதான், தோதோ. வந்துட்டுப் போயிட்டாங்க. எல்லாம் அம்சமா நடந்துச்சு. உங்கம்மா ராணி மாதிரி உக்காந்திருந்தா."

வீட்டுக்குள் சுட்ட கோழி வாசனை. மேசையில் கடித்துப் போட்ட எலும்புகளும் எலுமிச்சைத் தோலும். மேசையும் எங்களுடையது இல்லை. அம்மா ஒரு பெரிய நீலத் திரைச்சீலையை அவசரமாக மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கல்யாண நாள் சட்டையைப் போட்டிருந்தாள்.

"அம்மா, என்ன பண்ணின?"

"என்ன பண்ணினேன்? வீட்டை வீடாக்கினேன். அந்த மேடம் ரொம்ப நல்லவங்கடா. ரெண்டு தடவை கோழி போட்டுக்கிட்டாங்க."

"நாம எவ்வளவு ஏழைன்னு பாக்க வந்தவங்கம்மா அவங்க."

"போடா. எவனாவது அதைப் பாக்க ஜீப் எடுத்துக்கிட்டு வருவானா? அதான் தெருவெல்லாம் கிடக்கே." மடித்த திரைச்சீலையைத் துணி மூட்டைக்குள் செருகினாள். "நான் முப்பது வருஷமா வீடு வீடாப் போறேன். அழுக்கா வர்றவளுக்கு எந்த வீட்டுக்காரியும் துணி குடுக்கமாட்டா. சுத்தமா, தலை சீவி நிக்கிறவளுக்குத்தான் குடுப்பா. குடுக்கிறவங்க அப்படித்தான். இல்லாதவன்கிட்ட குடுத்தா வித்துத் தின்னுருவான்னு நினைப்பாங்க. உனக்கு என்ன தெரியும், காலேஜை விட்டவன்."

அவள் சொன்னது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் வாழ்ந்த வரைக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

கெசியா மூலையில் உட்கார்ந்து கோழி எலும்பைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அம்மா புதுச் சட்டை மாட்டிவிட்டிருந்தாள்.

"நீயாவது சொல்லக்கூடாதா?"

"நான் மதியம் ஸ்கூல்ல இருந்து சாப்பிட வந்தப்ப அவங்க ஏற்கனவே சோபாவுல உக்காந்திருந்தாங்க, நோங். உனக்கு என்ன பிடிக்கும்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"ஃப்ரிட்ஜு பத்திச் சொன்னேன். திறந்து உப்புப் பையெல்லாம் காட்டினேன். பின்பக்கம் கூட்டிட்டுப் போய்க் கம்பியெல்லாம் காட்டினேன். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு." எலும்பைத் தட்டில் வைத்தாள். "அப்புறம்தான் யோசிச்சேன்."

முடிவு கடிதத்தில் வந்தது. பள்ளியில் இடம் உறுதி. வசதியுள்ள குடும்பம் என்பதால் உதவித்தொகை இல்லை.

அம்மா அதைப் பலமுறை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். வசதியுள்ள குடும்பம் என்ற இடம் வரும்போது ஒருமுறை அவள் முகத்தில் ஏதோ வந்து போனது. சந்தோஷம் என்று சொன்னால் அநியாயம். ஆனால் அதுவரை யாரும் எங்களை அப்படிச் சொன்னதில்லை. பிறகு அடுப்படிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

மேல்முறையீடு ஒன்று உண்டு. ஒரே ஒருமுறை. அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று சொன்னேன். அதே அதிகாரி, மேடம் பெலாயோ என்று பெயர், திரும்ப வந்து பார்க்க ஒத்துக்கொண்டார்கள். கண்டிப்பான முகம், ஆனால் காது கொடுத்துக் கேட்டார்கள். "உங்க அம்மாவே தன் வாயால சொல்லணும்," என்றார்கள். "போன தடவை நான் கண்ணால பாத்ததை இன்னொருத்தர் வார்த்தையை வெச்சு மாத்த முடியாது. வெளியில எத்தனை பிள்ளைங்க காத்திருக்குன்னு உனக்குத் தெரியாது."

அம்மாவுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன். துவைத்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள்.

"அதெல்லாம் எங்களோடது இல்ல மேடம், இரவல்."

"அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

"வேற ஏதாவது கேட்டா?"

"என்ன கேப்பாங்க?"

கையிலிருந்த துணியை நுரைக்குள் அமுக்கினாள். பிறகு இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். எங்களோடது இல்ல மேடம். இரவல். குழந்தை பாடம் ஒப்பிப்பது மாதிரி இருந்தது.

மனாங் பெபெங்கும் தயாராக இருந்தாள். "நானே முன்னால வந்து சொல்றேன். என் கடையில அது நிக்கிற இடத்தையே காட்டுறேன். தரையில நாலு கால் தடம் இருக்கு. இதுல என்ன வெட்கம்? கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்கிறதில்லையா?"

அந்த நாளில் நான் விடுப்பு எடுத்தேன். வீட்டில் எங்களுடைய பாய்கள், எங்களுடைய ஒரு பெஞ்சு, துணி மூட்டைகள், அவ்வளவுதான். ஜன்னலில் வழக்கம்போல அரிசிச் சாக்கு தொங்கியது. இதைப் பார்த்தால் எவருக்கும் புரியும் என்று நினைத்தேன்.

வட்டத் தலைவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் அவரைக் கேப் என்பார்கள். வெள்ளைச் சட்டையில் வந்தார். கூடவே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் தங்கை மகன்.

"நேரலையில போகுது," என்றார் கேப். "நம்ம வட்டத்துப் பிள்ளைக்காக நான் எப்படிப் போராடுறேன்னு ஜனங்க பாக்கணும்ல. எடித்தா, இப்படி வெளிச்சத்துக்கு வா."

எடித்தா என் அம்மா.

"வேண்டாம் கேப். உள்ளே ஒரு அஞ்சு நிமிஷப் பேச்சு," என்றேன்.

"நீ தூங்கிற நேரம்டா இது. போய்த் தூங்கு." சந்தே சிரித்தது. அதற்குள் வாசலில் சந்து முழுக்கக் கூடியிருந்தது. ஜன்னல் சாக்கை விலக்கி இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

மேடம் பெலாயோ ஜீப்பிலிருந்து இறங்கிக் கூட்டத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து வெற்றுச் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

"மனாங், போன தடவை நான் வந்தப்ப இங்க ஒரு ஃப்ரிட்ஜு இருந்துச்சு. சோபா இருந்துச்சு. டிவி. இதோ, இந்த ஜன்னல்ல அழகா ஒரு நீலத் திரைச்சீலை. அதெல்லாம் எங்க?"

அம்மா வாயைத் திறந்தாள். மூடினாள்.

"இரவல் மேடம்," என்றேன் நான். "ஃப்ரிட்ஜு பக்கத்துக் கடையோடது. இதோ, இவங்களோடது."

"நான் உங்க அம்மாவைக் கேட்டேன்." ஆனாலும் பெபெங்கின் பக்கம் திரும்பினார்கள். "உங்களோடதா?"

மனாங் பெபெங் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினாள். வேண்டாம் என்று. நாலு கால் தடத்தைக் காட்டுவதாகச் சொன்னவள் முந்தானை போலத் தோளில் கிடந்த துண்டை இழுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"எடித்தா என்ன சொல்றாளோ அதான், மேடம்."

கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. சோபாக்காரனும் டிவிக்காரனும் அங்கேதான் நின்றார்கள். ஃப்ரிட்ஜைத் தூக்கிய நான்கு பேரில் மூன்று பேர் இருந்தார்கள். எங்கள் சந்தில் ஒருத்தி மானம் காக்கத் தவிக்கிறாள் என்றால் யாரும் அவளை முந்திக்கொண்டு வாய் திறக்கமாட்டார்கள். அது எங்கள் மரியாதை. அன்று எல்லோரும் எங்களுக்கு மரியாதை செய்தார்கள்.

"சொல்லு எடித்தா," என்றார் கேப், போனைப் பார்த்துக்கொண்டே. "நம்ம வட்டத்துல யாரும் பொய் சொல்ற வழக்கம் இல்ல. ஒவ்வொண்ணும் யாரோடதுன்னு தைரியமாச் சொல்லு. ஃப்ரிட்ஜு யாரோடது, திரைச்சீலை யாரோடது, எல்லாம்."

அம்மா ஜன்னலைப் பார்த்தாள், பிறகு மூலையில் கிடந்த துணி மூட்டைகளைப் பார்த்தாள். பயலின் போன் அதையும் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கெசியா எழுந்தாள். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவள் வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றாள். அவள் உயரத்துக்கு அம்மாவின் மார்பு வரைதான் மறைக்க முடிந்தது.

"எல்லாம் எங்களோடதுதான் மேடம்."

"கெசியா," என்றேன்.

"நோங் வித்துட்டாரு. நீங்க திரும்ப வர்றீங்கன்னு தெரிஞ்சதும் வித்துட்டாரு. இரவல்னு சொல்லச் சொல்லி அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். தினமும் துவைக்கிறப்ப அம்மா அதைச் சொல்லிப் பாத்தாங்க. அம்மாவுக்குப் பொய் வரல. அதான் பேசல."

கணக்குக்கு விடை சொல்வது மாதிரி சொன்னாள். நன்றாக யோசித்துச் செய்த பொய். ஒவ்வொரு துண்டும் பொருந்தியது.

"மேடம், அவ பொய் சொல்றா," என்றேன். "அது பெபெங்கோட கடையில இப்பவும் நிக்குது. வாங்க, போய்ப் பாக்கலாம்."

"கடைன்னா ஃப்ரிட்ஜு இருக்கத்தான் செய்யும்," என்றார்கள் மேடம் பெலாயோ. கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "தம்பி, அன்னைக்கு இவ எனக்கு அந்தப் பெட்டியை உள்ளும் புறமும் காட்டினா. எந்தப் பையில எவ்வளவு உப்புன்னு சொன்னா. பின்னால எந்தக் கம்பி சூடாகும்னு தொட்டுக் காட்டினா. இரவல் வாங்கின பொருளை ஒரு குழந்தை அப்படித் தெரிஞ்சு வெச்சிருக்குமா?"

என்னிடம் பதில் இருந்தது. சொல்ல ஆரம்பித்தேன். அம்மாவின் கை என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தது. அப்பாவைப் புதைத்த அன்று குழி ஓரத்தில் அப்படித்தான் பிடித்திருந்தாள். நான் நிறுத்திவிட்டேன்.

போகும்போது மேடம் பெலாயோ கெசியாவின் தலையில் கை வைத்தார்கள். "பள்ளியில உன் இடம் இருக்கு. உங்க அண்ணன் சம்பாதிக்கிறாரு. அனுப்பச் சொல்லு," என்றார்கள். ஜீப்பில் ஏறியதும் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

கேப் போனை அணைக்கச் சொன்னார். "என்னடா இப்படிப் பண்ணிட்ட," என்றார் என்னிடம். கூட்டம் கலைந்தது.

கெசியா குழாயடிக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போனேன். அடிக்க வேண்டும் என்றுதான் போனேன்.

"பைத்தியமா உனக்கு? ஒரு வாக்கியம். அம்மா ஒரு வாக்கியம் சொன்னா முடிஞ்சிருக்கும்."

"ஒரு வாக்கியம் இல்ல, நோங். திரைச்சீலையும் கேட்டாங்கல்ல."

"கேட்டா?"

"அது யாரோடது?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"டாக்டர் வீட்டோடது. துவைக்க வந்தது. அம்மா தேய்ச்சு ஒரு நாளைக்கு நம்ம ஜன்னல்ல மாட்டினாங்க." குழாயை மூடினாள். "சோபா உறை, மேசை விரிப்பு, எல்லாம் வெவ்வேற வீட்டுத் துணி. நேரலை போற கேப்போட பேஜை டாக்டரம்மா பாக்குறாங்க. எல்லா வீட்டுக்காரங்களும் பாக்குறாங்க. துவைக்கக் குடுத்த துணியைத் தன் வீட்டுல மாட்டிக்கிறவளுக்கு யாரு துணி குடுப்பா?"

"எங்களோடதுன்னு சொன்னா மட்டும்? அந்தம்மாவுக்குத் தன் திரைச்சீலை அடையாளம் தெரியாதா?"

"இன்னைக்கு ஜன்னல்ல சாக்குதானே இருந்துச்சு. நீலம்னு மட்டும்தான் மேடம் சொன்னாங்க. நீலத் திரைச்சீலை ஊர்ல எத்தனையோ." அதையும் யோசித்து வைத்திருந்தாள்.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"அம்மா சொல்லக்கூடாதுன்னாங்க. உனக்கு முன்னாடி வெட்கமாம்."

பக்கத்தில் பெபெங்கின் கடைக்குள் அந்த ஃப்ரிட்ஜ் உறுமி ஓய்ந்தது.

"உனக்கு அந்தப் பள்ளிக்கூடம் வேண்டாமா?" என்று கேட்டேன்.

"வேணும்," என்றாள். அப்போதுதான் முகம் உடைந்தது. அழும்போது மட்டும்தான் அவளுக்குப் பன்னிரண்டு வயது என்று நினைவுக்கு வரும்.

நான் அனுப்புகிறேன் என்றேன். இரட்டை ஷிப்ட் பார்க்கிறேன், ஞாயிறும் போகிறேன் என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, அரிசி, வாடகை, அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை என்று வாய்க்குள்ளேயே கழித்தாள்.

"ரெண்டு மாசம் வரும், நோங். மூணாவது மாசம் நீ அப்பா மாதிரி விழுந்துருவ. அப்ப நான் பாதியில திரும்பி வரணும். அதுக்கு இங்கேயே இருக்கலாம்."

அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுடைய கணக்கில் ஒருநாளும் முடிந்ததில்லை.

பள்ளிக்கு வரவில்லை என்று அவளே கைப்பட எழுதிக்கொடுத்தாள். காத்திருந்த வரிசையிலிருந்து வேறு ஒரு பிள்ளை போனது. அந்தப் பிள்ளையின் ஊரிலும் யாராவது ஃப்ளெக்ஸ் கட்டியிருப்பார்கள். எங்கள் ஃப்ளெக்ஸை அவிழ்க்கச் சொல்லிக் கேப்பிடம் கேட்டேன். தேர்தல் முடியட்டும் என்றார். பாஸ் பண்ணினது பொய்யில்லையே என்றார். அதுவும் உண்மைதான். ஜூன் மாதம் கெசியா அதற்குக் கீழே நடந்து இங்குள்ள பள்ளிக்குப் போனாள். ஒரே வகுப்பில் அறுபது பேர். மழை பெய்தால் பாதி வகுப்பு சுவரோரம் நகர்ந்து உட்காரும். என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால், "போன வருஷத்துது," என்பாள்.

அம்மா அந்த நாளைப் பற்றி எதுவும் பேசவில்லை. நன்றியும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கெசியாவின் சட்டைகளை மட்டும் டாக்டர் வீட்டுச் சட்டைகளை விடக் கவனமாகத் தேய்த்தாள். முன்னைவிடப் பெரிய மூட்டைகளைக் கொண்டுவர ஆரம்பித்தாள். டாக்டர் வீட்டுத் துணியை மட்டும் இரண்டு பங்காகக் கொண்டுவந்தாள். விரல் இடுக்கெல்லாம் சோப்பு தின்று வெந்து போயிற்று. எதற்கு இவ்வளவு என்று கேட்டால் தலையாட்டுவாள்.

மழைக்காலம் முடிகிற சமயம், நான் வேலை முடிந்து வந்த ஒரு காலையில், வீட்டு வாசலில் ஒரு தள்ளுவண்டி நின்றது. உள்ளே மூலையில், ஒரு ஃப்ரிட்ஜ். வெள்ளை நிறம் மஞ்சளாகிப்போன பழையது. கதவில் ஒரு நெளிவு.

"டாக்டரம்மா புதுசு வாங்கிட்டாங்க," என்றாள் அம்மா. "இதைத் தரேன்னாங்க. அடுத்த வருஷம் மழை வர்ற வரைக்கும் அவங்க துணி சும்மா துவைச்சுத் தரணும்."

"நமக்கு எதுக்கும்மா இது? உள்ள வைக்க நம்மகிட்ட என்ன இருக்கு?"

அம்மா ஈரத் துணியால் அதன் கதவைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நெளிவு இருந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"ஊருக்கு முன்னால என் பிள்ளை, எங்க வீட்டுல ஃப்ரிட்ஜு இருக்குன்னு சொன்னா," என்றாள். "அவ பொய்க்காரி ஆகக்கூடாது."

வாசலில் மனாங் பெபெங் வந்து நின்றாள். இது தன் வியாபாரத்துக்குப் போட்டி என்று அவள் ஏதாவது கிண்டல் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"பழசை வித்துட்டு வேற வாங்கிட்டியா, எடித்தா," என்றாள்.

"ஆமா மனாங்," என்றாள் அம்மா. "பழசு கொஞ்சம் சின்னதா இருந்துச்சு."

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டுப் பெபெங் போய்விட்டாள்.

கெசியா பள்ளிச் சீருடையில், பையைத் தோளில் மாட்டியபடி, இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். ஃப்ரிட்ஜின் பின்னால் போனாள். பழைய நாட்களைப் போலக் கம்பிகளைத் தொட்டுப் பார்ப்பாள் என்று நினைத்தேன். சுவருக்கும் அதற்கும் நடுவே காற்றுப் போகக் கொஞ்சம் இடம் விட்டு நகர்த்தினாள், அவ்வளவுதான். பிறகு அடுப்படியிலிருந்து பிளாஸ்டிக் பைகளையும் உப்பு டப்பாவையும் எடுத்துவந்தாள். கரண்டியால் அளக்கவில்லை. கையாலேயே அள்ளிப் போட்டாள். தண்ணீர் ஊற்றிக் கட்டி, உறைபெட்டியின் ஓரங்களில் ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

நடுவில் ஒன்றும் இல்லை. அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேரமாச்சு, இந்தாய்," என்று மகளைச் செல்லமாகக் கூப்பிட்டாள் அம்மா.

கெசியா கதவைச் சாத்தினாள். அது சரியாக மூடவில்லை. தோளால் ஒருமுறை இடித்து மூடிவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.